புது எக்செல்லில் சார்ட் புள்ளியைப் பிடித்து இழுக்க முடியவில்லை, வழி தெரிந்தவர்கள் சொல்லவும்

14 ஜூலை 2009, காலை

நேராகக் கேட்டுவிடுகிறேன். எக்செல் 2003-இல் லைன் சார்ட்டில் ஒரு புள்ளியைக் கிளிக் செய்தால் கோடு முழுவதும் தேர்வாகும். மறுபடி கிளிக் செய்தால் அந்தப் புள்ளி மட்டும். அதை மவுஸால் பிடித்து மேலே இழுத்தால் ஷீட்டில் அதற்குரிய செல்லில் இருக்கிற எண்ணும் கூடவே ஏறும், கீழே இழுத்தால் இறங்கும். போன வாரம் ஆபீஸில் 2007 போட்டார்கள். இப்போது புள்ளி பிடிபடுகிறது, இழுத்தால் அசைய மறுக்கிறது. எந்த மூலையில் ஒளித்து வைத்திருக்கிறார்கள்?

கடலூரில் நான்கு பேரிடம் கேட்டாகிவிட்டது. மூன்று பேருக்கு அப்படி ஒரு வசதி இருந்ததே தெரியாது. நான்காமவர் ரீஸ்டார்ட் பண்ணிப் பார்க்கச் சொன்னார்.

14 ஜூலை, இரவு

"செல்லிலேயே எண்ணை மாற்றிவிட்டுப் போகலாமே, இதற்கு எதற்கு இழுப்பு" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எனக்கென்றால் செல் போதும். இது முதலாளிக்கு.

எங்களுடையது முந்திரி வியாபாரம். ஆபீஸ் திருப்பாதிரிப்புலியூரில், கொட்டை காயும் களம் காடாம்புலியூர் பக்கம். முதலாளி எழுத்துக் கூட்டித்தான் படிப்பார், மனக்கணக்கில் என் கால்குலேட்டரை முந்துவார். ஆனால் வரிசை வரிசையாக எண் நிறைந்த ஷீட்டைக் காட்டினால் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிடுவார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அதனால் 2004-லிருந்தே எல்லாவற்றையும் கோடாகப் போட்டுக் காட்டுகிறேன். கொட்டை விலை ஒரு கோடு, பருப்பு விலை ஒரு கோடு, மூட்டைக்கு என்ன நிற்கும் என்று ஒரு கோடு.

ஒருநாள் அவர் கை தவறி ஒரு புள்ளி மேலே போனது. கொட்டை விலை ஏறியதும் லாபக் கோடு சர்ரென்று கீழே இறங்கியது. "அட, இது நல்லாருக்கே" என்றார். அன்றிலிருந்து சீசன் தொடங்கினால் தினமும் காலையில் என் நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். முந்திரி ஓட்டுப் பால் பட்டுக் கறுத்த விரல். எங்கள் மவுஸின் இடது பட்டனில் அந்தக் கறை இன்னும் இருக்கிறது, ஸ்பிரிட் போட்டும் போகவில்லை.

15 ஜூலை

இன்னும் ஒன்று சொல்ல மறந்துவிட்டேன், அதுதான் முக்கியமானதே.

லாபக் கோடு சூத்திரத்தில் வருவது. 80 கிலோ மூட்டை 4,000 ரூபாய், அதில் பருப்பு ஏறக்குறைய 20 கிலோ, கிலோ 240 என்றால் 4,800. வறுப்பது, உடைப்பது, தோல் உரிப்பது எல்லாம் சேர்த்து 500 போனால் 300 நிற்கும். 2003-இல் அந்த லாபப் புள்ளியையே பிடித்து 450-க்கு இழுத்துப் பாருங்கள். அது சூத்திரம் என்பதால் தானாக மாறாது. கோல் சீக் பெட்டி திறந்து, எந்தச் செல்லை மாற்றி இந்த எண்ணைக் கொண்டுவரட்டும் என்று கேட்கும். கொட்டை விலைச் செல்லைக் காட்டினால் 3,850 என்று வந்து நிற்கும். அதாவது 450 வேண்டுமானால் 3,850-க்கு மேல் ஒரு ரூபாய் கொடுக்கக் கூடாது. களத்துக்கு போன் போட்டு விலை பேசுவதற்கு இதைவிட என்ன வேண்டும்?

நேற்று முதலாளி அந்தப் புள்ளியைப் பிடித்து நான்கைந்து முறை இழுத்துப் பார்த்தார். "ஏம்மா, புள்ளி ஒட்டிக்கிச்சா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

17 ஜூலை

தேடியாயிற்று. ஒளித்து வைக்கவில்லை, எடுத்தே விட்டார்கள். 2007-இல் சார்ட் பகுதியைப் புதிதாக எழுதும்போது இதை விட்டுவிட்டார்களாம். ஆப்ஷன்ஸில் இருக்கும், ஆட்-இன்ஸில் இருக்கும் என்று எழுதிய நண்பர்கள் மன்னிக்கவும், எங்கேயும் இல்லை.

போன மற்ற சாமான்களையும் சொல்லிவிடுகிறேன். சார்ட் விசார்ட் போனது. சார்ட்டில் டபுள் கிளிக் செய்தால் திறக்கும் ஃபார்மட் பெட்டி போனது. நாம் செய்வதை எல்லாம் பதிந்து நிரலாக எழுதிக்கொள்ளும் மேக்ரோ ரெக்கார்டரைப் போட்டுவிட்டு சார்ட்டில் கலர் மாற்றினால், ரெக்கார்டர் எதையும் எழுதிக்கொள்ளாமல் சும்மா இருக்கிறது. தூண் சார்ட்டில் போடுகிற கோடு, புள்ளி, செங்கல் டிசைன்களும் போயின. இந்தக் கடைசி ஒன்று எனக்கே வயிற்றெரிச்சல்.

எங்கள் பங்குதாரர்கள் பதினொரு பேர். அரையாண்டுக்கு ஒருமுறை கூடுவார்கள், ஆளுக்கு ஒரு ஜெராக்ஸ். உள்ளூர்க் கொட்டைக்குச் சாய்கோடு, தூத்துக்குடி துறைமுகம் வழியாக வரும் ஆப்பிரிக்கக் கொட்டைக்குச் செங்கல், உடைந்த பருப்புக்குப் புள்ளி. "செங்கல்னா ஆப்பிரிக்கா" என்று எல்லோருக்கும் மனப்பாடம். இப்போது 2007 கொடுக்கிற நீலம், சிவப்பு, பச்சை மூன்றும் ஜெராக்ஸ் மெஷினில் போய் ஒரே சாம்பலாகத் திரும்பி வருகின்றன. கலர் பிரிண்டா? முதலாளியிடம் நீங்கள் வந்து கேளுங்கள்.

17 ஜூலை, சற்று நேரம் கழித்து

"புது வெர்ஷனில் பத்து லட்சத்துக்கு மேல் வரிசை இருக்கிறதே, அதைப் பாருங்கள்" என்று ஒருவர் ஆறுதல் சொல்கிறார். உண்மைதான். 65,536 வரிசை இருந்தது 10,48,576 ஆகியிருக்கிறது. எங்கள் ஷீட்டில் ஆண்டுக்கு 52 வரிசை. கி.பி. 22,000 வரை கவலை இல்லை.

20 ஜூலை

திருத்தம். டிசைன்கள் "போயின" என்று எழுதியது பாதிதான் சரி. பழைய எக்ஸ்எல்எஸ் ஃபைலை 2007-இல் திறந்தேன், செங்கல் அப்படியே இருக்கிறது! புதிதாகப் போடுவதற்குத்தான் பொத்தான் இல்லை. ஆகவே பழைய சார்ட்டை நகல் எடுத்து, அதற்குக் கீழே இருக்கிற எண்களை மட்டும் மாற்றிக்கொண்டேன். பதினொரு ஜெராக்ஸும் பிழைத்தன. விபிஏ (எக்செல்லுக்குள் எழுதுகிற நிரல் மொழி) தெரிந்தவர்கள் அங்கிருந்தும் டிசைனைப் போடலாம் என்று விழுப்புரத்து நண்பர் ஒரு வரி கோட் அனுப்பியிருக்கிறார். வேலை செய்கிறது. நன்றி.

அவரே இன்னொன்றும் கேட்டிருக்கிறார்: 80 கிலோவுக்கு 20 கிலோ பருப்பு எப்போதும் வருமா? வராது. அது கைக்கணக்கு. நல்ல கொட்டையில் அந்த அளவு வரும், மழையில் நனைந்த சரக்கில் குறையும். கொட்டையை வெட்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். சார்ட் பற்றிப் பேச வந்து முந்திரி வகுப்பு எடுக்கிறேன்.

22 ஜூலை

யார் அப்கிரேடு செய்யச் சொன்னது என்று கேட்கிறீர்கள். யாரும் சொல்லவில்லை. சிஸ்டம் ஸ்லோவாக இருக்கிறது என்று புதுச்சேரியில் ஒரு கடையில் கொடுத்தோம். கடலூரைவிடப் பாண்டியில் மலிவு என்று எங்கள் ஊரில் ஒரு நம்பிக்கை, கம்ப்யூட்டருக்கும் சரி, மற்றதற்கும் சரி. கடைக்கார அண்ணன் ஃபார்மட் அடித்து, "உங்களுக்காகப் புதுசு போட்டிருக்கேன், காசு வேணாம்" என்று சந்தோஷமாகத் திருப்பிக் கொடுத்தார். பழைய சிடி எங்கே என்றால், "அது எதுக்குக்கா, பழசு" என்கிறார். ஓசியில் வந்ததைக் குறை சொல்லவும் வாய் வரவில்லை.

முதல் நாள் சேவ் பண்ணவே தெரியவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஃபைல் மெனுவைக் காணோம். இடது மேல் மூலையில் உருண்டையாக ஒன்று இருந்தது, கம்பெனி முத்திரை என்று நினைத்து அதைத் தொடவே இல்லை. சேவ், பிரிண்ட் எல்லாம் அதற்குள் இருக்கிறது என்று ஒன்பதாவது படிக்கிற என் மகன் வந்து காட்டினான்.

2 ஆகஸ்ட் 2009

பத்து நாளாக ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

2006 மார்ச்சில் நடந்தது. பழைய விலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு செல்லில் 3387.09677419 என்று இருந்தது. எந்த ஊரில் மூட்டைக்கு எட்டு இலக்கப் பைசா கொடுத்து வாங்குவார்கள்? பில்லை எடுத்துப் பார்த்தால் 3,210. யாரோ புள்ளியை இழுத்துவிட்டு அப்படியே சேவ் பண்ணியிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, நான்தான். முதலாளி இழுத்துப் பார்த்த பிறகு நகலை மூடிவிட்டு அசலைத் திறக்க வேண்டும். அன்றைக்கு அசலிலேயே விளையாட விட்டுவிட்டேன். அதற்குள் அவர் அந்தக் கோட்டைப் பார்த்து, "போன வாரமே 3,380-க்கு எடுத்தோம்" என்று தரகரிடம் போனில் பேசி, அதே விலைக்கு 60 மூட்டைக்கு முன்பணமும் கொடுத்துவிட்டார். மூட்டைக்கு 170 ரூபாய் அதிகம். மிச்சத்தை நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

அவரிடம் உண்மையைச் சொன்னேனா? சொன்னேன், ஒரு வாரம் கழித்து. திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

ஆகவே, கை தவறிப் பட்டாலே மூல எண் மாறுகிற ஒரு வசதியை எடுத்தவர்கள் முட்டாள்கள் இல்லை. இந்த இழையின் முதல் குறிப்பில் எனக்கு இருந்த கோபத்தில் இப்போது பாதிதான் மிச்சம். ஆனால் ஆபத்து என்றால் பூட்டுப் போட்டு வைக்கலாமே. வேண்டியவர்கள் திறந்துகொள்வார்கள். அரிவாள்மணையில் கை வெட்டும் என்று வீட்டில் இருக்கிற அரிவாள்மணையை எல்லாம் எடுத்துக்கொண்டு போவார்களா?

3 ஆகஸ்ட்

சரி, அரிவாள்மணை உவமை பிடிக்காதவர்கள் இவ்வளவு பேர் இருப்பீர்கள் என்று தெரியாது. எங்கள் வீட்டில் மிக்சி, கத்தி எல்லாம் இருக்கிறது. போதுமா.

9 ஆகஸ்ட்

ஒரு வழி கிடைத்தது. இழுப்பதற்கு ஈடில்லை, ஆனால் காலை வேளை ஓடுகிறது.

உருண்டைப் பொத்தானுக்குள் எக்செல் ஆப்ஷன்ஸ், அதில் முதல் பக்கத்திலேயே டெவலப்பர் டேப் காட்டு என்று ஒரு டிக் இருக்கிறது. அதைப் போட்டால் மேலே புது டேப் வரும். அந்த டேப்பில் இருக்கிற இன்சர்ட்டில் ஃபார்ம் கன்ட்ரோல் வரிசையில் ஸ்க்ரோல் பாரை எடுத்து, சார்ட்டுக்குப் பக்கத்தில் வரைந்துகொள்ளுங்கள். ரைட் கிளிக், ஃபார்மட் கன்ட்ரோல். நான் குறைந்தது 3000, அதிகம் 6000, ஒரு அமுக்குக்கு 25 என்று கொடுத்து, கொட்டை விலைச் செல்லோடு இணைத்திருக்கிறேன். அம்புக்குறியை அமுக்க அமுக்க விலை 25 ரூபாயாக ஏறுகிறது, கோடும் அசைகிறது. எட்டு இலக்கப் பைசா தொல்லை இல்லை. முழு எண்தான் தரும், பைசா வேண்டுமென்றால் பக்கத்துச் செல்லில் 100-ஆல் வகுத்துக்கொள்ளவும்.

இரண்டு குறை. ஒன்று, எந்தப் புள்ளிக்கு வேண்டுமோ அதற்குத் தனியாக ஒரு பார் வைக்க வேண்டும். 52 வாரத்துக்கு 52 பார் வைத்தால் ஷீட் ஆர்மோனியப் பெட்டி மாதிரி ஆகிவிடும், நான் கடைசி வாரத்துக்கு மட்டும் வைத்தேன். இரண்டு, இந்தப் பார் 0-க்குக் கீழே போகாது, 30,000-க்கு மேலும் போகாது. எதிர்பார்க்கும் லாபத்துக்கு ஒரு பார் வைத்துக் காட்டினேன். இடது கோடிவரை அமுக்கிப் பார்த்துவிட்டு, "நஷ்டமே வராத மிஷினா இருக்குதே, எங்க வாங்கின?" என்றார் முதலாளி. பிறகு பக்கத்துச் செல்லில் 500-ஐக் கழித்து நஷ்டத்தையும் கொண்டுவந்தேன்.

கோல் சீக் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். டேட்டா டேப்பில் வாட்-இஃப் அனாலிசிஸ் என்ற பெயருக்குள் உட்கார்ந்திருக்கிறது. புள்ளியிலிருந்து அங்கே போகிற பாதைதான் அடைபட்டுவிட்டது.

30 ஆகஸ்ட்

முதலாளி தீர்ப்பு: "இது ரேடியோ குமிழு. அது கையி."

அதற்குமேல் விளக்கம் கிடைக்கவில்லை. எனக்குப் புரிந்தது என்னவென்றால், பாரை அமுக்கும்போது அவர் விலையை யோசிக்கிறார், புள்ளியை இழுக்கும்போது கோட்டை யோசித்தார். இந்த வாரம் இங்கே இருந்தால் அடுத்த வாரம் எங்கே போகும் என்று கையாலேயே ஒரு வளைவு போட்டுப் பார்ப்பார். அது எந்தச் சூத்திரத்திலும் இல்லை. மூன்றில் இரண்டு முறை சரியாகவும் இருக்கும் என்று எழுத ஆசை, நான் எண்ணி வைக்கவில்லை.

11 அக்டோபர் 2009

தீபாவளிக்கு ஆபீஸ் ஒட்டடை அடிக்கும்போது பழைய 2003 சிடி அகப்பட்டது. பாண்டி அண்ணன் எடுத்துக்கொண்டார் என்று பழி போட்டிருந்தேன், தப்பு. எங்கள் பஞ்சாங்கத்துக்குள் இருந்தது. ஒரே சிஸ்டத்தில் இரண்டும் வைக்கலாம், பழையதை முதலில் போட்டுவிட்டு அதற்குப் பிறகு புதியதைப் போட வேண்டும் என்று படித்தேன். எனக்கு அந்தத் தைரியம் இல்லை. குடோனில் கிடந்த பழைய பெட்டியைத் தூசு தட்டி, அதில் 2003 மட்டும் போட்டுவிட்டேன். முதலாளிக்கு அதுதான் தனி சிஸ்டம் இப்போது. கறை படிந்த மவுஸும் அங்கே போய்விட்டது. வாராவாரம் நான் எண்களைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போகிறேன். எக்ஸ்எல்எஸ் ஆகச் சேவ் பண்ண மறந்தால் அது திறக்காது, பத்தடி தூரம் திரும்ப நடக்க வேண்டும்.

6 டிசம்பர் 2010

பங்குதாரர் ஒருவருடைய மகன் லேப்டாப்பில் 2010 இருந்தது. ஒரு மணி நேரம் உட்கார்ந்து தோண்டினேன். செங்கல் திரும்பி வந்துவிட்டது! டபுள் கிளிக்கும் வந்துவிட்டது. மேக்ரோ ரெக்கார்டர் சார்ட்டை மறுபடி எழுதிக்கொள்கிறது. உருண்டைப் பொத்தான் போய் ஃபைல் என்று எழுத்தாகவே வந்துவிட்டது, என் மாதிரி எத்தனை பேர் முத்திரை என்று நினைத்தார்களோ.

புள்ளி அசையவில்லை. இருபது முறை இழுத்திருப்பேன்.

28 ஜனவரி 2012

ஒரு வருஷத்துக்கு மேல் இந்தப் பக்கம் வரவில்லை. இடையில் யாரோ "தீர்வு கிடைத்ததா" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தானே புயல் வந்தது. டிசம்பர் 30 காலை. திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெருவுக்குப் பதினான்கு நாள் கழித்துத்தான் கரண்ட் வந்தது. காடாம்புலியூர்ப் பக்கம் இன்னும் கம்பம் நட்டுக்கொண்டிருக்கிறார்கள். பண்ருட்டி சாலையில் போனால் இரண்டு பக்கமும் முந்திரி மரமும் பலா மரமும் வேர் மேலே தெரியப் படுத்துக் கிடக்கின்றன. பூ எடுக்கிற நேரம். புதுக் கன்று வைத்தாலும் நல்ல மகசூல் பார்க்கப் பல வருஷம் ஆகும்.

பொங்கலுக்கு மறுநாள் முதலாளி களத்துக்குக் கூப்பிட்டார். கரண்ட் இல்லை, கம்ப்யூட்டர் பேச்சே இல்லை. போன வருஷத்துத் தினசரிக் காலண்டர் அட்டையைத் திருப்பிப் போட்டு, ஆணியால் வரிசையாகக் குத்தி வைத்திருந்தார். ஆணிகளில் கோணி தைக்கிற சணல் நூலை மாட்டியிருந்தார். 2007-லிருந்து வருஷத்துக்கு ஒரு ஆணி, எத்தனை மூட்டை உள்ளூர்க் கொட்டை என்கிற உயரத்தில். எண் எதுவும் எழுதவில்லை, மனசில் இருக்கிறது. கடைசி நுனியில் மட்டும் ஆணி இல்லை. நூலைக் கையில் பிடித்துக்கொண்டு, "இங்க வைக்கட்டுமா, இன்னும் கீழ வைக்கட்டுமா, சொல்லு" என்றார். நான் கொஞ்சம் கீழே காட்டினேன். அவர் அதற்கும் நான்கு விரல் கீழே இறக்கினார். இந்த வருஷம் ஆப்பிரிக்கக் கொட்டைக்கு எவ்வளவு பணம் புரட்ட வேண்டும் என்பது அந்த நான்கு விரலில் முடிவானது.

29 ஜனவரி 2012

இல்லை, படம் எடுக்கவில்லை. எடுக்கத் தோன்றவில்லை.

9 ஏப்ரல் 2014

நேற்றோடு விண்டோஸ் எக்ஸ்பிக்கும் ஆபீஸ் 2003-க்கும் அப்டேட் நின்றுவிட்டது, உங்கள் குடோன் பெட்டி என்ன ஆயிற்று என்று கேட்கிறார் விழுப்புரத்து நண்பர். ஓடுகிறது. நெட் ஒயரைக் கழற்றிவிட்டேன், வைரஸ் பயம் இல்லை, பென் டிரைவை மட்டும் என் சிஸ்டத்தில் ஸ்கேன் பண்ணிவிட்டுத்தான் செருகுகிறேன். ஹார்ட் டிஸ்க் காலையில் ஆன் செய்யும்போது கடகடவென்று சத்தம் போடுகிறது. 40 ஜிபி, பழைய ஐடிஇ வகை. கடலூரிலோ பாண்டியிலோ அந்த வகை டிஸ்க் நல்ல நிலையில் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள், விலை பேசிக்கொள்ளலாம்.